நான்கு புள்ளிகளில் ஒரு கத்தரிக்காய்: வழுக்கும் வெக்டர் கோடுகளைப் பழக ஒரு முழு வழிகாட்டி

ஸ்டிக்கர் தாளைக் கத்தியால் வெட்டும் எந்திரமான கட்டிங் பிளாட்டர் ஓடும்போது பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறீர்களா? கோடு நன்றாக இருந்தால் கத்தி வினைல் தாளின் மேல் ஒரே மூச்சில் சீறிக்கொண்டு போகும். கோடு மோசமாக இருந்தால் டகடகவென்று திக்கும். திரையைப் பார்க்காமலே, சத்தத்தை வைத்தே வரைந்தவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாம்.

வேலூரில் ஒரு ஸ்டிக்கர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. செருப்புக் கடை ஒன்றின் சின்னத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, கணினியே கோடாக மாற்றிக் கொடுத்ததை அப்படியே வெட்டுவதற்கு அனுப்பினேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. வெட்டும்போது கத்தி நடுங்கியது, தாள் கிழிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால், ஒரே ஒரு வளைவில் இருநூற்றுச் சொச்சம் புள்ளிகள். முதலாளி திட்டவில்லை. அந்த வளைவை அழித்தார், மூன்றே புள்ளிகளில் மறுபடி வரைந்தார், எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அந்த மூன்று புள்ளிகளை அவர் எங்கே வைத்தார் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

'எனக்குக் கை நடுங்கும், ஓவியம் வராது' என்று சொல்லி ஒதுங்குகிறவர்கள் வெக்டர் பழகத் தயங்கவே வேண்டாம். வெக்டர் என்றால், நாம் வைக்கும் புள்ளிகளை இணைத்துக் கணினி கணக்குப் போட்டு வரையும் கோடு. இங்கே கோட்டை இழுப்பது கை இல்லை. எங்கே புள்ளி வைப்பது, எத்தனை வைப்பது என்று தீர்மானிப்பது மட்டுமே உங்கள் வேலை. மீதியைக் கணக்கு பார்த்துக்கொள்ளும்.

பயிற்சிக்கு நம் ஊர்ப் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அதே காய்தான். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஊர்ப் பாசம் மட்டுமில்லை. உடம்பு வழவழவென்று இருக்கும். காம்பிலும் காம்படித் தொப்பியிலும் முள் இருக்கும். வெக்டரில் உள்ள இரண்டு முக்கியமான புள்ளி வகைகளும் ஒரே காயில் கிடைத்துவிடுகின்றன.

கருவி

ஒரு கணினி, ஒரு மௌஸ், வெக்டர் வரைய உதவும் இங்க்ஸ்கேப் மென்பொருள். 2003இல் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அச்சகங்களிலும் ஃபிளெக்ஸ் கடைகளிலும் கோரல்டிராவைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். பெரிய விளம்பர நிறுவனங்களில் இல்லஸ்ட்ரேட்டர். எதில் பழகினாலும் வளைவின் கணக்கு ஒன்றேதான். விசைகள்தான் மாறும். இங்கே நான் சொல்வதெல்லாம் இங்க்ஸ்கேப் விசைகள்.

பேனா டேப்லெட் வாங்காதீர்கள். தொடக்கத்தில் அது கெடுதல் என்பது என் கருத்து. பேனா கையில் இருந்தால் கை இழுக்கப் பார்க்கும். மௌஸ் இருந்தால் யோசித்துப் புள்ளி வைக்க வேண்டியிருக்கும்.

வளைவு எப்படி உண்டாகிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் பயிற்சிக்குப் போனால் ஆறு மாதம் ஆனாலும் கோடு கோணும். அதனால் கொஞ்சம் பொறுங்கள்.

ஒரு வளைவுத் துண்டுக்கு இரண்டு முனைப் புள்ளிகள் உண்டு. கடையில் இதை நோடு என்பார்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கைப்பிடி நீளும். இதன் பெயர் ஹேண்டில். கைப்பிடி இரண்டு சேதிகளைச் சொல்கிறது: கோடு எந்தத் திசையில் கிளம்ப வேண்டும், அந்தத் திசையில் எவ்வளவு பிடிவாதமாகப் போக வேண்டும். காட்பாடியிலிருந்து கிளம்பும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் முகம் எந்தப் பக்கம் என்பது கைப்பிடியின் திசை. ஓட்டுநர் எவ்வளவு தூரம் நேராகப் போய்விட்டு அப்புறம் திருப்புகிறார் என்பது கைப்பிடியின் நீளம். நீளமான கைப்பிடி, முரட்டு ஓட்டுநர்.

இந்தக் கணக்கு பிறந்த இடம் பிரான்ஸ் நாட்டுக் கார் ஆலைகள். சிட்ரோவன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஜோ 1959இலேயே இதைக் கண்டுபிடித்தார். நிறுவனம் வெளியே சொல்லவிடவில்லை. ரெனோவில் இருந்த பியர் பெசியே 1960களில் தன் வழியை வெளியிட்டதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. கார்க் கதவில் தெரியும் வெளிச்சம் உடையாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பது அவர்கள் கவலை. கத்தரிக்காயின் பளபளப்பிலும் நமக்கு அதே கவலைதான் வரப்போகிறது.

சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கோலத்தில் கம்பி, புள்ளியைச் சுற்றிக்கொண்டு ஓடும். இங்கே கோடு புள்ளியின் வழியாகவே ஓடும். கோலக்காரர்கள் முதல் நாள் கட்டாயம் குழம்புவார்கள்; ஆனால் இரண்டாம் நாள் மற்றவர்களை முந்திவிடுவார்கள். கை எங்கே நின்றால் கம்பி முறியும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். வெக்டரில் ஒவ்வொரு புள்ளியும் கை நின்ற இடம்தான். நின்ற இடங்கள் குறையக் குறையக் கோடு வழுக்கும்.

படி 1: காயைப் படம் எடுங்கள்

காலை வெளிச்சத்தில், நிழல் கறுப்பாக விழாத இடத்தில், வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பக்கவாட்டில் படம் எடுங்கள். உச்சி வெயில் வேண்டாம். நம் ஊர் வெயிலில் ஓரங்கள் வெளிறிப் போய்விடும். காம்பு மேலே, காய் செங்குத்தாக இருக்கட்டும். சாய்த்து வைத்தால் அடுத்த படி தேவையில்லாமல் கடினமாகும்.

படத்தை இங்க்ஸ்கேப்பில் இறக்கும்போது, கோப்பிலேயே பதித்துவிடு என்ற தேர்வை எடுங்கள். பிறகு அது மங்கலாகத் தெரியும்படி அதன் ஒபாசிட்டியை 50 விழுக்காட்டுக்குக் கீழே குறைத்து, தனி லேயரில் (அடுக்கில்) வைத்துப் பூட்டிவிடுங்கள். பூட்ட மறந்தால் பத்து நிமிடத்தில் படத்தை நகர்த்திவிட்டு, ஏன் எதுவும் பொருந்தவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

படி 2: மௌஸைத் தொடாமல் புள்ளி குறியுங்கள்

இதுதான் மொத்த வேலையில் பாதி. படத்தை ஒரு தாளில் அச்செடுத்து, பென்சிலால் குறியுங்கள். காயின் உடம்பில் மிக மேலான இடம், மிகக் கீழான இடம், இடப்பக்கம் அதிகம் புடைத்த இடம், வலப்பக்கம் அதிகம் புடைத்த இடம். நான்கு. மேலுள்ளது தொப்பிக்குள் மறைந்திருக்கும், ஊகித்து வையுங்கள்.

ஏன் இந்த நான்கு? மேல் கீழ்ப் புள்ளிகளில் கோடு படுக்கையாகப் போகும், பக்கவாட்டுப் புள்ளிகளில் செங்குத்தாகப் போகும். ஆகவே கைப்பிடியின் திசையை நீங்கள் யோசிக்கவே வேண்டாம். மிச்சம் நீளம் மட்டும்தான். எழுத்துரு வடிவமைப்பவர்களும் இதே இடங்களில்தான் புள்ளி வைக்கிறார்கள்.

நீளத்துக்கும் ஓர் எண் இருக்கிறது. வட்டத்தை நான்கு புள்ளிகளில் வரைந்தால், ஒவ்வொரு கைப்பிடியும் ஆரத்தில் 0.55 பங்கு இருக்க வேண்டும். ஆரம் 100 மில்லிமீட்டர் என்றால் கைப்பிடி 55. காயைத் தொடும் முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள். 'வியூ' மெனுவில் கட்டக் கோடுகளை வரவழைத்து, கையால் ஒரு வட்டம் கட்டுங்கள். அதன் மேல் மென்பொருளின் உண்மையான வட்டத்தை வைத்துப் பாருங்கள். இரண்டும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாமல் பொருந்தும். பிறகு கைப்பிடியை 70 ஆக்குங்கள்: வட்டம் சதுரமாகப் பார்க்கும். 40 ஆக்குங்கள்: பட்டத்தின் முனைபோல் கூம்பும். இந்த மூன்று தோற்றமும் கண்ணில் பதிந்துவிட்டால், எந்த வளைவு ஏன் அசிங்கமாக இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்வீர்கள்.

படி 3: நான்கு சொடுக்கு

புதிய லேயர் ஒன்றைத் திறந்து, 'பி' (B) விசையை அழுத்தினால் பெசியே கருவி வரும். இழுக்காமல் நான்கு புள்ளிகளிலும் வெறுமனே சொடுக்கி, முதல் புள்ளியிலேயே வந்து முடியுங்கள். பட்டம்போல் ஒரு சாய்சதுரம் கிடைக்கும். கத்தரிக்காயா இது என்று சிரிக்காதீர்கள்.

'என்' விசையை அழுத்தினால் புள்ளிகளைத் திருத்தும் கருவி. கன்ட்ரோல் + ஏ கொடுத்து எல்லாப் புள்ளிகளையும் தேர்ந்து, ஷிஃப்ட் + ஏ அழுத்துங்கள். பட்டம் ஊதிப் பலூனாகும். கைப்பிடிகள் தானாக முளைத்திருக்கும்.

சொடுக்கி இழுத்துக்கொண்டே வரைவதுதான் தேர்ந்தவர்களின் வழி. அது பிறகு தானாக வரும். முதல் வாரத்தில் புள்ளி வைப்பதையும் வளைப்பதையும் தனித்தனியாகச் செய்வதே நல்லது.

படி 4: கைப்பிடிகளோடு மல்லுக்கட்டு

இப்போது ஒவ்வொரு கைப்பிடியாக இழுத்துப் படத்தின் ஓரத்தோடு பொருத்துங்கள். இழுக்கும்போது கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டால் கைப்பிடி 15 பாகை இடைவெளிகளில் மட்டுமே நிற்கும். படுக்கையும் செங்குத்தும் பிசகாது. புள்ளியை நகர்த்தும் ஆசை வரும். அடக்குங்கள். முதலில் கைப்பிடி, அதிலும் சரிவராவிட்டால்தான் புள்ளி.

அடுத்து வருவதுதான் தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம். கத்தரிக்காய் கீழே பருத்து மேலே ஒடுங்கும். பக்கவாட்டுப் புள்ளியிலிருந்து அடிப்புள்ளி 40 மில்லிமீட்டர் கீழே, உச்சிப் புள்ளி 60 மில்லிமீட்டர் மேலே என்று வைத்துக்கொள்வோம். 0.55 கணக்குப்படி கீழ்க் கைப்பிடி 22, மேல் கைப்பிடி 33. இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் புள்ளியில் முறிவு தெரியாது. மென்பொருளும் அதை வழுவழுப்பான புள்ளி என்றே சொல்லும். ஆனாலும் உற்றுப் பார்த்தால் அந்த இடத்தில் தகர டப்பா ஒடுங்கியதுபோல் ஏதோ உறுத்தும். திசை மாறவில்லை, ஆனால் வளையும் வேகம் சட்டென்று மாறிவிட்டது. மேலே சோம்பலாக வளைந்த கோடு கீழே அவசரமாக வளைகிறது.

இதற்கு மருந்து, அந்தப் புள்ளியின் இரண்டு கைப்பிடிகளையும் ஏறக்குறைய சம நீளத்துக்குக் கொண்டுவருவது. 22ஐயும் 33ஐயும் 27க்கு அருகில் நெருக்குங்கள். புள்ளியைத் தேர்ந்து ஷிஃப்ட் + ஒய் அழுத்தினால் மென்பொருளே சமமாக்கிவிடும். அதனால் வேறு இடத்தில் படத்திலிருந்து கோடு விலகினால், உச்சி, அடிப் புள்ளிகளின் படுக்கைக் கைப்பிடிகளை நீட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள். நான்கைந்து முறை மாறி மாறிச் செய்ய வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான்; ஆனால் இதைக் கற்ற பிறகுதான் என் கோடுகளைக் கடையில் யாரும் திருத்துவது நின்றது.

கண்ணைச் சோதிக்க ஒரு வழி: உருவத்தைத் தேர்ந்து 'எச்' அழுத்துங்கள். இடவலம் புரண்டுவிடும். அதுவரை பழகிப்போன கண் திடுக்கிட்டு, மறைந்திருந்த மேடு பள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுக்கும். 'வி' அழுத்தித் தலைகீழாகவும் பாருங்கள். நிறத்தை எடுத்துவிட்டு மெல்லிய கோடாகப் பார்ப்பதும் நல்லது. நிறம் பல பாவங்களை மறைக்கும்.

காயில் ஒரு பக்கம் லேசாகக் குழிந்திருந்தால்? அங்கே ஐந்தாவது புள்ளி வைக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: கைப்பிடியால் முடியாததா இது? 'ஆம்' என்றால் மட்டும் வையுங்கள்.

படி 5: முள்

தொப்பி, காம்பு, முள் எல்லாம் தனித்தனி உருவங்கள். ஒரே கோட்டில் வரைய முயல வேண்டாம்.

தொப்பியின் ஒவ்வொரு இதழ் நுனியும், இரண்டு இதழ்கள் சேரும் பள்ளமும் கூர்ப்புள்ளிகள். இவற்றைத் தேர்ந்து ஷிஃப்ட் + சி அழுத்தினால், இரண்டு கைப்பிடிகளும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தாமல் தனித்தனியாக நகரும். இதழின் பக்கங்கள் சற்றே வெளிப்பக்கம் புடைக்கட்டும். எல்லா இதழையும் ஒரே அளவில் போட்டால் பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கும். ஒன்று தூக்கிக்கொண்டும், ஒன்று காயோடு ஒட்டிக்கொண்டும் இருக்கட்டும்.

முள்ளுக்கு மூன்று புள்ளிகள் போதும்: அடியில் இரண்டு, நுனியில் ஒன்று. பக்கங்கள் உள்வாங்கி வளைய வேண்டும். நேர்கோடாக விட்டால் கூடாரம்போல் தெரியும். வெளியே புடைத்தால் பல் மாதிரி தெரியும். ஒரு முள்ளை ஒழுங்காக வரைந்துவிட்டு, கன்ட்ரோல் + டி (D) கொடுத்துப் படியெடுத்து, ஒவ்வொன்றையும் திருப்பி, சிறிது பெரிதாக்கி, சிறிது குட்டையாக்கிப் பொருத்துங்கள். பிறகு காம்பையும் முட்களையும் சேர்த்துத் தேர்ந்து கன்ட்ரோல் + கூட்டல் குறி கொடுத்தால் ஒரே உருவமாகிவிடும். இணைந்த இடங்களில் வேண்டாத புள்ளிகள் ஒன்றிரண்டு முளைத்திருக்கும். தேடிப்பிடித்து நீக்குங்கள்.

படி 6: பளபளப்பு

காயின் மேல் விழும் வெளிச்சத்தை ஒரு தடித்த வெள்ளைக் கோடாக இழுத்துவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. ஒரே தடிமனில் ஓடும் கோடு கம்பிபோல் காயில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பதிலாக, இரண்டு கூர்ப்புள்ளிகளால் ஒரு மெல்லிய பிறை செய்யுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரு வளைவு, திரும்பி வர இன்னொரு வளைவு, நடுவில் சற்றே அகலம். வெளிப்பக்க வளைவு காயின் ஓரத்தோடு இணையாக ஓட வேண்டும். ஓடவில்லை என்றால், படி 4இல் ஏதோ மிச்சம் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

தானியங்கி டிரேஸ் பற்றி

புகைப்படத்தை ஒரே சொடுக்கில் வெக்டராக்கும் வசதி இங்க்ஸ்கேப்பிலும் இருக்கிறது. அதை நான் வெறுப்பதில்லை. கையெழுத்து, பழைய முத்திரை, மை திட்டுத்திட்டாகப் பரவிய அச்சு போன்ற கரடுமுரடே அழகான பொருள்களுக்கு அது சரி. வழவழப்பு வேண்டிய இடத்தில் அது உதவாது. படத்தின் ஒவ்வொரு அழுக்கையும் விசுவாசமாகப் புள்ளியாக்கும்.

அதற்குப் பிறகு கன்ட்ரோல் + எல் அழுத்திப் புள்ளிகளைக் குறைக்கலாமே என்பார்கள். குறையும். ஆனால் எந்தப் புள்ளி முக்கியம் என்று அதற்குத் தெரியாது. முள்ளின் நுனியையும் மழுக்கிவிட்டு, வேண்டாத மேட்டை விட்டுவைக்கும். அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் ஒவ்வொரு முறையும் இன்னும் முரட்டுத்தனமாகக் குறைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து என்ன வரையலாம்

கரிகிரி மண்பாண்டம் ஒன்று. பானையின் வலப்பாதியை மட்டும் வரைந்து, படியெடுத்துப் புரட்டி, இரண்டையும் நடுக்கோட்டில் இணையுங்கள். இணைப்பில் கைப்பிடி துல்லியமாகப் படுக்கையாக இல்லாவிட்டால் பானையின் அடியில் ஒரு மூக்கு முளைக்கும். இந்தப் பிழையை ஒருமுறையாவது செய்யாமல் யாரும் கற்றதில்லை.

அடுத்தது செருப்பின் அடித்தடம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிலில் இருப்பவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். காலணி வடிவங்களில் ஒரு சின்னத் துருத்தல்கூடத் தையலில் வந்து நிற்கும். உட்பக்கம் குழியும் இடத்தில் கோடு புடைப்பிலிருந்து பள்ளத்துக்குத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் புள்ளி வைக்கத் தோன்றும். வைக்காமல், ஒரே துண்டில், ஒரு கைப்பிடி இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமுமாக இழுத்துப் பாருங்கள். மென்மையான திருப்பத்துக்கு அதுவே அழகு.

பிறகு 'வ' எழுதுங்கள். 'ல' எழுதுங்கள். தமிழ் எழுத்து முழுக்க வளைவுதான். ஒரு 'ல'வின் சுழியை உறுத்தாமல் வரைந்துவிட்டால் பாதிப் பள்ளிக்கூடம் முடித்த மாதிரி. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் இருக்கும் யாளிகளையும் குதிரைகளையும் பார்த்தால் உடனே வரையக் கை பரபரக்கும். அதற்கு ஆறு மாதம் பொறுங்கள். அதுவரை கோட்டை மதிலின் வட்டக் கொத்தளங்களை வரையலாம். அகழித் தண்ணீரில் விழும் நிழலைப் புரட்டிப் போட 'வி' விசை இருக்கவே இருக்கிறது.

கடைக்கு அனுப்பும் முன்

மூலக் கோப்பை எஸ்விஜி வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கொடுப்பது பிடிஎஃப். படத்தில் தமிழ் எழுத்து இருந்தால், எழுத்தைத் தேர்ந்து ஷிஃப்ட் + கன்ட்ரோல் + சி அழுத்தி உருவமாக மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் அழகான தலைப்பு கட்டங்களாகவோ கன்னாபின்னாவென்றோ தெரியும். திருமணப் பேனரில் மணமகன் பெயர் சிதைந்துபோய் அலறியடித்துக்கொண்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. ஆகவே ஒரு பிரதியை மாற்றாமல் வையுங்கள்.

திரையில் ஒளிரும் கத்தரிக்காய் ஊதா, அச்சில் மங்கித்தான் வரும். மையால் அந்த ஒளியைக் கொண்டுவர முடியாது. முன்கூட்டியே ஒரு சிறு துண்டு அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஸ்டிக்கராக வெட்டுவதென்றால் இன்னும் இரண்டு வேலைகள். தடித்த கோடுகள் ஏதாவது இருந்தால் கன்ட்ரோல் + ஆல்ட் + சி கொடுத்து மூடிய உருவங்களாக மாற்றுங்கள். கத்திக்குத் தடிமன் தெரியாது, கோட்டின் நட்டநடுவில் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போய்விடும். அடுத்து, முட்களின் நுனியை அரை மில்லிமீட்டர் அளவுக்காவது மழுக்கிவிடுங்கள். திரையில் தெரியாது. ஆனால் வெட்டிய தாளிலிருந்து வேண்டாத வினைலை உரிக்கும்போது, முதலில் மேலே எழும்பிக் கூடவே வந்துவிடுவது அந்தக் கூர்நுனிதான்.